தாழம்பூ சாட்சி எதற்கு?

‘நான் ஒண்ணு சொன்னேன், அவங்க வேற ஒண்ணா எடுத்துக்கிட்டாங்க!’

இந்த வரியை ஒரு முறையாவது சொல்லிப் பெருமூச்சு விடாத பெண்மணி உண்டா, அன்பு வாசகிகளே?

நாத்தனார் வீட்டு வளைகாப்புக்கு முதல் நாளே போயிருப்பீர்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பூத்தொடுத்து, சீர்வரிசைத் தட்டு அடுக்கி, விடியற்காலையில் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சலும் கிளறிக் கொடுத்திருப்பீர்கள். இரண்டு நாள் கழித்து யார் மூலமாகவோ காதுக்கு வந்து சேரும்: ‘அண்ணி வந்தாங்க. ஆனா முகத்துல சிரிப்பே இல்லை. மனசில்லாம வந்த மாதிரி இருந்தது!’ இடுப்பு வலியில் நிற்கவே முடியாமல் நின்றது யாருக்குத் தெரியும்?

இப்போது கைபேசி வேறு வந்துவிட்டது. குடும்பத்தார் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவசரமாக ‘சரி’ என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுக் குக்கரை இறக்கப் போவீர்கள். அந்த ‘சரி’யைப் படித்த ஓரகத்திக்கு, நீங்கள் கோபமாகச் சொன்னது போல இருக்கும். எழுத்துக்கு முகம் இல்லையே! குரலும் இல்லை. படிக்கிறவர் அன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறாரோ, அந்த முகத்தை அதற்கு மாட்டிவிடுகிறார். மார்கழி மாதம் பனியில் உட்கார்ந்து போட்ட கோலத்தைப் படமெடுத்து அனுப்பியிருப்பீர்கள். எல்லாரும் பார்த்ததற்கு நீலக் குறி விழுந்திருக்கும். ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு முழுக்க மனசு எதிலும் ஒட்டாது.

சின்ன விஷயம்தான். ஆனால், சின்னதாகவா வலிக்கிறது?

‘நான் செய்தது சரி என்று ஒருவராவது சொல்ல மாட்டார்களா?’ என்ற இந்த ஏக்கத்துக்கு மருந்து ஒரு தலத்தில் இருக்கிறது. நினைத்தாலே முக்தி தரும் திருவண்ணாமலைதான் அது. வாருங்கள், அந்தக் கோயிலை ஒரு முறை வலம் வருவோம்.

அன்னம் சொன்ன பொய்

அண்ணாமலையாரைக் கண்குளிரத் தரிசித்துவிட்டுக் கருவறையைச் சுற்றி வருகிறீர்கள். பின்புறம், மேற்கு நோக்கிய கோஷ்டத்தில் லிங்கோத்பவர். தூணைப் பிளந்துகொண்டு ஈசன் வெளிப்படும் திருக்கோலம். இந்த வடிவத்தில் மேலே பறக்கும் அன்னமும் கீழே பூமியைத் தோண்டும் வராகமும் இருக்கும். எல்லாச் சிவாலயங்களிலும் பார்க்கும் வடிவம்தான். ஆனால், இந்த வரலாறு நடந்த இடமே திருவண்ணாமலை என்பதால், இங்கே நின்று பார்க்கும்போது மெய்சிலிர்க்கிறது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரம்மாவுக்கும் திருமாலுக்கும் யார் பெரியவர் என்று போட்டி. அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூணாக ஈசன் எழுந்து நின்றார். வராகமாகி அடியைத் தேடிப் போன திருமால், ‘என்னால் காண முடியவில்லை சுவாமி’ என்று ஒப்புக்கொண்டார். அன்னமாகி மேலே பறந்த பிரம்மாவும் முடியைக் காணவில்லை. வழியில் ஒரு தாழம்பூ கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. ஈசனின் முடியிலிருந்து நழுவி, எத்தனையோ காலமாக விழுந்துகொண்டே இருக்கும் பூ! ‘நான் முடியைப் பார்த்துவிட்டேன் என்று எனக்காகச் சாட்சி சொல்’ என்று அதைக் கூட்டிக்கொண்டு வந்தார் பிரம்மா. பொய் வெளிப்பட்டது. பிரம்மாவுக்குப் பூவுலகில் கோயில் இல்லாமல் போயிற்று. தாழம்பூ சிவபூஜைக்கு விலக்காயிற்று.

ஒன்றைக் கவனித்தீர்களா? முடியைக் காண முடியாதது பிரம்மாவின் குற்றமே இல்லை. திருமாலாலும்தான் காண முடியவில்லை. இருவரும் சமம். குற்றம் எங்கே தொடங்கியது? ‘நான் தோற்றவனாகத் தெரியக் கூடாது’ என்று சாட்சிக்கு ஆள் சேர்த்தாரே, அங்கே!

படைப்புக் கடவுளுக்கே அந்த ஆசை வந்தது என்றால், நாம் எம்மாத்திரம்? மனசு நோகும்போது நாமும் அதைத்தானே செய்கிறோம்? நாத்தனார் சொன்னதைத் தங்கையிடம் போனில் சொல்கிறோம். ‘நீயே சொல்லு, என் மேல தப்பா?’ என்கிறோம். தங்கை, ‘உன் மேல தப்பே இல்லைக்கா’ என்கிறாள். அது போதாமல் பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்கிறோம். பிறகு பள்ளித் தோழியிடம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும், நமக்குச் சாதகமாகக் கொஞ்சம் கூட்டி, பாதகமாக இருப்பதைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறோம். நான்காவது ஆளிடம் சொல்லும்போது கதை எப்படி மாறியிருக்கும்? பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துத் தொடங்குபவர் யாரும் இல்லை. சாட்சி சேர்க்கத் தொடங்கினால், பொய் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது.

நமக்காகப் பேசப்போன தங்கைக்கும் நாத்தனாருக்கும் நடுவே மனஸ்தாபம் வந்தால், பாவம், அவள்தான் தாழம்பூ!

நிரூபித்தால் மட்டும் தீருமா?

‘சரி, பொய்ச் சாட்சி வேண்டாம். உண்மையையே நிரூபித்துக் காட்டிவிட்டால் வாயை மூடிக்கொள்வார்கள் அல்லவா?’ என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அதற்கும் இந்தக் கோயிலிலேயே பதில் இருக்கிறது.

217 அடி உயர ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே வந்ததும் கம்பத்து இளையனார் சன்னதி. கம்பம் என்றால் தூண். தூணில் தோன்றிய முருகன் என்பதால் இந்தத் திருநாமம்.

திருவண்ணாமலையில் அவதரித்த அருணகிரிநாதரிடம் பிரபுடதேவ மன்னனுக்கு மிகுந்த மதிப்பு. அது அரசவையில் செல்வாக்கோடு இருந்த தேவி உபாசகர் சம்பந்தாண்டானுக்குப் பொறுக்கவில்லை. ‘இவர் பக்தி உண்மை என்றால், இவர் கும்பிடும் முருகனை மன்னருக்குக் காட்டட்டுமே’ என்று சவால் விட்டார். அருணகிரியார் உள்ளம் உருகிப் பாட, தூணில் மயில் மீது காட்சி தந்தான் கந்தன்.

இதைவிடப் பெரிய நிரூபணம் உண்டா? மன்னன் பார்த்தான், சபையே பார்த்தது. அத்தோடு பொறாமை அடங்கியிருக்க வேண்டும் அல்லவா?

அடங்கவில்லை! மன்னனின் கண்நோய்க்குப் பாரிஜாத மலர் தேவைப்பட்டது. அருணகிரியார் தம் உடலைக் கோபுரத்தில் விட்டுவிட்டு, இறந்து கிடந்த கிளி ஒன்றின் உடலில் புகுந்து பறந்தார். அந்த நேரம் பார்த்து, ‘அவர் இறந்துவிட்டார்’ என்று மன்னனை நம்பவைத்து, அந்த உடலை எரித்துவிட்டார் சம்பந்தாண்டான். மலரோடு திரும்பிய கிளிக்குத் திரும்பிப் புக உடல் இல்லை. அந்தக் கிளி தங்கிய இடம்தான் கிளி கோபுரம் என்று பெரியோர் சொல்கிறார்கள்.

இறைவனே தூணில் வந்து நின்று சாட்சி சொன்ன பிறகும், புரிந்துகொள்ள விரும்பாதவர் புரிந்துகொள்ளவில்லை. அப்படியிருக்க, நாம் எடுத்துக் காட்டும் பழைய குறுஞ்செய்தியும், ‘அன்னைக்கு நீங்கதானே இப்படிச் சொன்னீங்க’ என்ற வாதமும் எந்த மூலைக்கு? புரியாமல் இருப்பவருக்கு விளக்கம் சொல்லலாம். புரிந்துகொள்ளக் கூடாது என்று முடிவு செய்துவிட்டவருக்கு என்ன சொன்னாலும் அது இன்னொரு குற்றமாகத்தான் தெரியும்.

அருணகிரியார் என்ன செய்தார்? ‘என் உடலை எரித்தவனை விடமாட்டேன்’ என்று சபைக்குப் போய் வழக்காடவில்லை. கிளியாக இருந்தபடியே கந்தர் அனுபூதியைப் பாடினார் என்பது மரபு. எரிக்க முடிந்தது உடலைத்தான்; பாட்டை எரிக்க முடிந்ததா?

வாசல் வாசலாக நின்ற அம்மாள்

வடக்கு வாசல் பக்கம் வாருங்கள். 171 அடி உயரத்தில் நிமிர்ந்து நிற்கிறதே, அதற்குப் பெயர் அம்மணி அம்மன் கோபுரம். பெண்களாகிய நாம் இந்தக் கோபுரத்தின் கீழ் ஒரு நிமிடமாவது நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஏன் தெரியுமா? இதைக் கட்டி முடித்தது மன்னனோ ஜமீன்தாரோ அல்ல. செங்கம் அருகே சென்னசமுத்திரம் கிராமத்தில் பிறந்த ஒரு பெண்!

கல்யாணப் பேச்சை மறுத்து அண்ணாமலையானே கதி என்று வந்துவிட்டவர் அம்மணி அம்மாள். நின்றுபோயிருந்த வடக்குக் கோபுரத் திருப்பணியைத் தம் தலையில் எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பொருள் கேட்டார். துணைக்கு ஆள் இல்லாத ஒரு பெண், பண வசூலுக்கு வாசல் வாசலாக வந்து நின்றால் ஊர் என்னென்ன பேசும்? இந்தக் காலத்திலேயே பேசுகிறார்கள் என்றால், அந்தக் காலத்தில் கேட்க வேண்டுமா!

பணம் வைத்துக்கொண்டே ‘இல்லை’ என்று சொன்னவர்கள் உண்டாம். ‘உள்ளே இவ்வளவு இருக்கிறதே’ என்று அம்மாள் அந்தத் தொகையைச் சரியாகச் சொல்ல, அதிர்ந்துபோய்க் கொடுத்தார்களாம். கையிருப்பு தீர்ந்து வேலை நின்றபோது, கூலிக்குப் பதிலாக அவர் அள்ளிக் கொடுத்த விபூதி, வேலையாட்களின் கையில் அவரவர் கூலிப்பணமாக மாறியது என்றும் செவிவழிக் கதை சொல்கிறார்கள்.

அவரைத் தப்பாகப் பேசிய ஒவ்வொரு வாசலிலும் நின்று, ‘நான் அப்படிப்பட்டவள் இல்லை’ என்று விளக்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாள் போயிருக்கும், கோபுரம் எழுந்திருக்காது. அவர் ஒரு வாசலில் கிடைத்த சொல்லை அடுத்த வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. இன்றைக்கு அந்தப் பேச்சுகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. கோபுரம் நிற்கிறது. அவர் பெயரிலேயே நிற்கிறது! கிரிவலம் போகும்போது ஈசான்ய லிங்கத்தின் அருகே அவருடைய ஜீவசமாதி இருக்கிறது. அடுத்த முறை மறக்காமல் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுப் போங்கள்.

அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா?

‘எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு மூலையில் உட்காரச் சொல்கிறீர்களா?’ என்று உங்களில் சிலருக்குக் கோபம்கூட வரலாம். இல்லை சகோதரிகளே! மௌனத்துக்கே பேர்போன ரமண மகரிஷியின் வாழ்க்கையைப் பாருங்கள். எங்கே பேச வேண்டும், எதற்குப் பேச வேண்டும் என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

1896, ஆகஸ்ட் 29. மதுரையில் 16 வயது வேங்கடராமன், தன் தந்தையைத் தேடிப் போவதாகக் கடிதம் எழுதி வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். அண்ணன் கல்லூரிக்குக் கட்டச் சொன்ன சம்பளப் பணம் 5 ரூபாய் அவர் கையில் இருந்தது. வழிச்செலவுக்கு 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்தார். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும் எழுதினார். தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம், வருந்த வேண்டாம் என்றும் எழுதினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெயர்கூட இல்லை, வெறும் கோடு!

தான் எத்தனை உயர்ந்த காரியத்துக்குப் போகிறேன் என்று பக்கம் பக்கமாக விளக்கி, தன் பக்கம் நியாயம் கேட்கவில்லை அந்தப் பிள்ளை. ஆனால், பணக் கணக்கைத் துல்லியமாகச் சொல்லிவிட்டது. ஏன்? அதைச் சொல்லாவிட்டால் வேறு யார் மேலாவது சந்தேகம் விழலாம். அண்ணன் கட்டாத சம்பளத்தைக் கட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். நம் மௌனத்தால் இன்னொருவருக்குக் கஷ்டம் வரும் என்றால், அங்கே பேசியே ஆக வேண்டும்.

1898 டிசம்பரில் அன்னை அழகம்மாள் மகனைத் தேடி வந்தார். அப்போது பவழக்குன்றில் மௌனத்தில் இருந்தார் மகன். ‘வீட்டுக்கு வந்துவிடு’ என்று தாய் நாள் கணக்கில் அழுதார், கெஞ்சினார், சுற்றி நின்றவர்களிடம் முறையிட்டார். யாருக்கும் பதில் சொல்லாதவர், அங்கிருந்த அன்பர் ஒருவர் காகிதமும் பென்சிலும் கொடுத்து வேண்டிக்கொண்டபோது தாய்க்காக எழுதினார். அவரவர் பிராப்தப்படியே எல்லாம் நடக்கும், நடவாதது என்ன முயன்றாலும் நடக்காது, ஆகவே மௌனமாயிருத்தலே நன்று என்பது அதன் சாரம். ஒரே ஒரு முறை. பிறகு விளக்கம் இல்லை.

அன்றைக்கு அன்னைக்கு அது முழுதாகப் புரிந்திருக்குமா? மனம் உடைந்து ஊர் திரும்பினார். இடையில் சில தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். 1916-ல் மகனோடு இருந்துவிடுவது என்று அண்ணாமலைக்கே வந்துவிட்டார். 1922-ல் அவர் பிரிந்தபோது, மகன் அருகிலேயே இருந்தார். அன்னையின் சமாதி மீது இன்று மாத்ருபூதேஸ்வரர் ஆலயம் இருக்கிறது. பெற்ற தாய்க்கே மகனைப் புரிந்துகொள்ள அத்தனை வருடம் ஆயிற்று. நமக்கு மட்டும் எல்லாரும் நாளைக் காலைக்குள் நம்மைப் புரிந்துகொண்டுவிட வேண்டும் என்றால் எப்படி?

இன்னொரு சம்பவம், 1930-களில் நடந்தது. ஆசிரமத்தில் முன்பு பொறுப்பில் இருந்த ஒருவர், பிணக்கு ஏற்பட்டுப் பிரிந்துபோய், பகவானைப் பற்றி அவதூறாக ஒரு சிறு புத்தகம் அச்சிட்டுவிட்டார். பக்தர்களுக்கு ரத்தம் கொதித்தது. பகவானோ, அதை ஆசிரம வாசலிலேயே வைத்து விற்கலாமே என்றாராம்! படித்துவிட்டு நம்புகிறவர்கள் வராமல் இருப்பார்கள், மற்றவர்கள் வருவார்கள் என்பது அவர் கணக்கு. பக்தர்கள் தங்கள் நினைவுகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

தாய்க்குப் பதில் உண்டு; அவதூறுக்குப் பதில் இல்லை. இந்த வித்தியாசம் ஒன்று பிடிபட்டுவிட்டால், நம் வீட்டுப் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வீட்டில் எப்படிக் கடைப்பிடிப்பது?

மனசு நொந்து, யாருக்காவது போன் செய்யக் கை துடிக்கும்போது, விளக்கின் முன் ஐந்து நிமிடம் உட்காருங்கள். மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: ‘இதை நான் சொல்லாவிட்டால் யாருக்காவது கெடுதல் வருமா?’ பணம், குழந்தைகளின் பாதுகாப்பு, ஒரு பெண்ணின் மானம், உடல்நலம், அடி உதை போன்ற கொடுமை – இவை சம்பந்தப்பட்டது என்றால் தயங்காமல் பேசுங்கள். உதவக்கூடியவரிடம் உடனே பேசுங்கள். அங்கே மௌனம் பக்தி ஆகாது.

இரண்டாவது: ‘இதற்கு விளக்கம் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?’ நாத்தனார் மனசு நொந்திருந்தால், விளக்கம் நாத்தனாருக்குத்தான். நேரில் போங்கள், முடியாவிட்டால் குரலால் பேசுங்கள். ‘அன்னைக்கு எனக்கு இடுப்பு வலி. அதான் முகம் வாடியிருந்தது. உன் விசேஷத்துல எனக்கு சந்தோஷம்தான்மா’ என்று ஒரு தடவை, முழுசாக, அன்பாகச் சொல்லிவிடுங்கள். எழுத்தில் அனுப்பினால் அந்த அன்பு பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும்.

மூன்றாவது: ‘நான் ஆறுதல் தேடுகிறேனா, சாட்சி தேடுகிறேனா?’ அம்மாவிடமோ தோழியிடமோ மனம் விட்டு அழுவதில் தவறே இல்லை. ‘எனக்கு வருத்தமாக இருக்கிறது’ என்று சொன்னால், அது ஆறுதல் தேடுவது. ‘அவள் செய்தது தப்புதானே, நீ சொல்லு’ என்று கேட்டால், தாழம்பூவைக் கூப்பிடுகிறோம்.

ஒரு முறை சொல்லியாகிவிட்டதா? அத்தோடு அண்ணாமலையானிடம் விட்டுவிட்டு, உங்கள் கோபுர வேலையைப் பாருங்கள். பிள்ளைக்குப் பாடம் சொல்வது, மாமனாருக்கு வேளைக்கு மருந்து கொடுப்பது, அந்த மார்கழிக் கோலம்... எல்லாமே கோபுர வேலைதான்! யாரும் ‘பலே’ சொல்லாவிட்டால் கோலம் அழகில்லாமல் போய்விடுமா என்ன?

தாழம்பூவுக்கும் ஒரு ராத்திரி

வலத்தை முடிக்கும் முன், லிங்கோத்பவரிடம் மறுபடி ஒரு நிமிடம் வாருங்கள்.

பொய்ச் சாட்சி சொன்ன தாழம்பூவைச் சிவன் கோயிலில் சேர்ப்பதில்லை என்று பார்த்தோம். ஆனால், மகா சிவராத்திரி அன்று நள்ளிரவில், லிங்கோத்பவ காலத்தில், இங்கே லிங்கோத்பவருக்குத் தாழம்பூ சாற்றும் வழக்கம் இருக்கிறது. எந்தப் பூ அவரைப் பற்றிப் பொய் சொன்னதோ, அந்தப் பூவை, அந்தக் கதைக்கு உரிய வடிவமே, அந்த ராத்திரி ஏற்றுக்கொள்கிறது!

உங்களைப் பற்றித் தப்பாகச் சாட்சி சொன்ன ஒருவர் இருப்பார். அவரைப் பற்றி நினைத்தாலே இன்றைக்கும் நெஞ்சில் சுருக்கென்று தைக்கலாம். அவரும் யாரோ கூப்பிட்டதால் வந்த தாழம்பூவாக இருக்கக்கூடும். தினம் தினம் அவரைப் பூஜையறையில் வைக்க வேண்டும் என்று அவசியம் இல்லை, ஈசனே வைக்கவில்லையே! ஆனால், வருடத்தில் ஒரு ராத்திரியாவது உங்கள் மனசின் கதவை அவருக்குத் திறந்து வைக்கலாமே?

நாம் செய்ததை, நாம் நினைத்ததை, இடுப்பு வலியோடு நின்றதை யாரும் பார்க்கவில்லை என்றுதானே வருத்தம்? ஊரில் எந்தத் திசையில் நின்றாலும் அந்த மலை தெரிகிறது. அந்த மலைக்கும் நாம் தெரிகிறோம். அதைவிட ஒரு சாட்சி நமக்கு எதற்கு?

அண்ணாமலையாருக்கு அரோகரா! உண்ணாமுலை அம்மனுக்கு அரோகரா!